கட்டடம் பிளந்தது சரி, வடிவமைத்தவர் தவறினாரா?

பேஸ்மென்ட் ராஃப்ட், அதாவது கட்டடம் முழுவதையும் தாங்கும் ஒரே கான்கிரீட் அஸ்திவாரப் பலகை, மேலே எழும்பிவிட்டது. தூண்களின் ஓரங்களில் விரிசல், தரை நடுவில் குமிழ்ந்து நிற்கிறது. ஏன் இப்படி ஆனது என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. நிலத்தடி நீர்மட்டத்தை அளந்து, கட்டடத்தின் எடையைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மதியத்தில் கணக்கு முடிந்துவிடும். அடுத்து வரும் கேள்விதான் வருடக்கணக்கில் இழுக்கும்: இதை வடிவமைத்த இன்ஜினியர், தன் தொழிலில் இருப்பவர் காட்ட வேண்டிய கவனத்தைக் காட்டத் தவறினாரா?

இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதலாவது இயற்பியல். இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட பொறுப்பில் இருந்தவர், கையில் இருந்த தகவலை வைத்து எடுத்த முடிவைப் பற்றியது. கட்டுமான வழக்குகளில் நிபுணர் அறிக்கைகள் சிதறிப்போவது பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான். "தோல்வி அடைந்தது, ஆகவே தவறு நடந்தது" என்று ஒரே தாவில் தாண்டிவிடுவார்கள். நடுவில் உள்ள தூரத்தைக் கடப்பதுதான் வேலையே.

தொழில்வல்லுநர் விளைவுக்கு உத்தரவாதம் தருவதில்லை என்பது பழைய சட்டம். 1838இலேயே லான்ஃபியர் எதிர் ஃபிப்போஸ் வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் சொன்னது: வழக்கறிஞர் ஜெயித்துத் தருவதாக ஒப்புக்கொள்வதில்லை, அறுவை மருத்துவர் குணமாக்கித் தருவதாக ஒப்புக்கொள்வதில்லை, நியாயமான திறமையும் கவனமும் காட்டுவதாகத்தான் ஒப்புக்கொள்கிறார்கள். 1957இல் வந்த போலம் வழக்கு ஒரு மருத்துவ வழக்கு; ஆனால் அதில் சொன்ன அளவுகோலைத்தான் ஆர்க்கிடெக்ட்டுக்கும் இன்ஜினியருக்கும் இன்றும் வைக்கிறார்கள்: அந்தத் தொழிலில் சாதாரணத் திறமை உள்ளவர் என்ன செய்வார்? அமெரிக்காவில் மின்னசோட்டா உச்ச நீதிமன்றம் 1978இல் மவுண்ட்ஸ் வியூ நகர வழக்கில் இதே கோட்டைப் போட்டது. நகராட்சிக் கட்டடத்தின் பேஸ்மென்டில் நீர் கசிந்தது. வடிவமைப்பு குறையில்லாமல் இருக்கும் என்று ஆர்க்கிடெக்ட் மறைமுகமாக உத்தரவாதம் தந்ததாக நகராட்சி வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. மண்ணும் வானிலையும் மனிதர்களும் சேர்ந்து விளையாடும் தொழிலில் பிழையே இல்லாத விளைவை எதிர்பார்க்க முடியாது என்பதுதான் அதன் சாரம்.

முதலில் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும்

நிபுணர்கள் நேரே டிராயிங்கைத் திறந்துவிடுகிறார்கள். அது தப்பு. அளவுகோலே ஒப்பந்தத்தில் மாறியிருக்கலாம்.

அமெரிக்க ஆர்க்கிடெக்ட் கழகத்தின் மாதிரி ஒப்பந்தமான பி101இல் 2.2ஆம் பிரிவு, அதே போன்ற இடத்தில், அதே போன்ற சூழலில் தொழில் செய்யும் ஆர்க்கிடெக்ட்டுகள் வழக்கமாகக் காட்டும் திறமையும் கவனமும் என்று வைக்கிறது. ஃபிடிக் என்ற சர்வதேச ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பின் மாதிரி ஒப்பந்தமான வெள்ளைப் புத்தகத்தின் 2017 பதிப்பு ஒரு படி தள்ளிப் போகிறது: அதே அளவு, அதே தன்மை, அதே சிக்கல் கொண்ட வேலைகளில் அனுபவம் உள்ள ஆலோசகரிடம் எதிர்பார்க்கும் கவனம். முதல் வாசகத்தின்படி, ஆஸ்பத்திரி ஒன்றை முதன்முதலாக வடிவமைத்த ஆர்க்கிடெக்ட்டைப் பொதுவான ஆர்க்கிடெக்ட்டோடு ஒப்பிடலாம் என்று வாதாட இடம் இருக்கிறது. இரண்டாவதில் அந்த இடம் இல்லை. ஆஸ்பத்திரி வேலையில் பழகியவரோடுதான் ஒப்பிட வேண்டும்.

இதற்கு மேலேயும் வாசகங்கள் உண்டு. "மிக உயர்ந்த தொழில்தரம்", "குறையே இல்லாத வடிவமைப்பு", "நோக்கத்துக்குப் பொருத்தமாக இருக்கும்" என்றெல்லாம் உரிமையாளரின் வக்கீல் சேர்த்துவிடுவார். கையெழுத்துப் போட்டவர் பிறகு "நான் கவனமாகத்தான் இருந்தேன்" என்று தப்பிக்க முடியாது. தொழில்பொறுப்புக் காப்பீடு பொதுவாகக் கவனக்குறைவுக்குத்தான் பணம் தரும்; ஒப்பந்தத்தில் தானாக ஏற்றுக்கொண்ட கூடுதல் பொறுப்பை விலக்கியே வைத்திருக்கும். அதனால் இந்த வாசகம் இரண்டு பக்கத்துக்கும் தொல்லை. உரிமையாளர் வழக்கில் ஜெயித்தாலும் வசூலிக்க ஆளிருக்காது.

ராபின் ரிக் காற்றாலை வழக்கை இதற்கு வைத்துப் படிக்கலாம். ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே சால்வே கடற்கழியில் நட்ட காற்றாலைகள் அவை. கடலடியில் அடித்த குழாயோடு மேல்குழாயை இணைக்க இடையில் கிரவுட் என்ற சிமென்ட் கலவையை ஊற்றுவார்கள். அந்த இணைப்பின் தாங்குதிறனுக்கு ஒப்பந்தம் சொன்ன சர்வதேசத் தரம் ஜே101. அந்தத் தரத்தின் சூத்திரத்திலேயே ஒரு மதிப்பு ஏறத்தாழ பத்து மடங்கு தவறாக இருந்தது. அதனால் தாங்குதிறன் மிக அதிகமாகக் கணக்கானது. இணைப்புகள் வழுக்கத் தொடங்கின. கான்ட்ராக்டர் தரத்தை அப்படியே பின்பற்றியிருந்தார். கவனக்குறைவு இல்லை என்றுதான் விசாரணை நீதிபதியும் சொன்னார். ஆனால் தொழில்நுட்பத் தேவைகளின் ஒரு மூலையில், அஸ்திவாரம் 20 வருடம் நிற்கும்படி வடிவமைக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. 2017இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. 2.625 கோடி யூரோ பழுதுபார்ப்புச் செலவு கான்ட்ராக்டர் தலையில் விழுந்தது. கவனத் தரத்தைப் பற்றி எவ்வளவு அழகாக அறிக்கை எழுதியிருந்தாலும் அந்த ஒரு வரிக்கு முன்னால் பயன் இல்லை.

அதனால் முதல் வேலை, ஒப்பந்தம், அதன் இணைப்புகள், உரிமையாளரின் தேவைப் பட்டியல், டெண்டர் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து, "உறுதி", "உத்தரவாதம்", "ஆயுள்", "பொருத்தம்" என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று தேடுவது. வந்தால் வக்கீலிடம் உடனே சொல்ல வேண்டும். வராவிட்டால்தான் சாதாரணத் திறமை என்ற அளவுகோலுக்குப் போக வேண்டும்.

யாருடைய வேலை

ஒரே தவறுக்கு நாலு பேர் பிரதிவாதி ஆகும்போது, ஒவ்வொருவருக்கும் தனித்தனி அளவுகோல். சாயில் ரிப்போர்ட் (மண் ஆய்வறிக்கை) எழுதியவர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், கான்ட்ராக்டர். மேலே சொன்ன ராஃப்ட்டையே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

ராஃப்ட்டின் அடிமட்டம் தரையிலிருந்து 6 மீட்டர் கீழே. மண் ஆய்வுக்கு போர்ஹோல் (துளை) போட்ட அன்று நீர் 4 மீட்டரில் நின்றது, கோடைக் கடைசி. மழைக்காலத்தில் அது 2 மீட்டருக்கு ஏறியது. 4 மீட்டர் என்று எடுத்தால் ராஃப்ட்டின் அடியில் நீர் தள்ளும் அழுத்தம் சுமார் 20 கிலோபாஸ்கல். 2 மீட்டர் என்றால் 39. இப்போது எடைப் பக்கம், அதே அலகில்: 600 மில்லிமீட்டர் ராஃப்ட்டுக்கு 15, பேஸ்மென்ட் மேல்தளமும் தரைத்தளமும் தலா 250 மில்லிமீட்டர் என்றால் சேர்த்து 12.5, சுவர், தூண் எல்லாம் சராசரியாக 4. ஆக 31.5 கிலோபாஸ்கல். கோடை அளவை நம்பினால் தரைத்தளம் ஊற்றியதும் நிலத்தடி நீரை இறைக்கும் பம்பை நிறுத்தலாம். எடை தாராளமாகப் போதும். மழை அளவில் 31.5 எங்கே, 39 எங்கே. கட்டடம் மிதக்கத் தொடங்கிவிடும். அஸ்திவார வேலைக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பு யூரோகோட் 7 கேட்கும் சுமார் 1.1 மடங்கு பாதுகாப்பு வேண்டுமென்றால் 43 தேவை. மாடி ஒன்றுக்கு 8 என்று வைத்தால், மேலே இரண்டு மாடி ஏறிய பிறகுதான் பம்பை அணைக்க முடியும்.

யார் எதில் தவறியிருக்கலாம் என்று பாருங்கள்.

சாயில் ரிப்போர்ட் எழுதியவரிடம் கேட்க வேண்டியது: வடிவமைப்புக்கு எந்த நீர்மட்டத்தை எடுக்க வேண்டும் என்று சொன்னாரா? "நீர்மட்டம் பருவத்துக்கேற்ப மாறலாம்" என்ற வரி எல்லா ரிப்போர்ட்டிலும் அச்சடித்தது போல இருக்கும். அது ஆலோசனை இல்லை, கை கழுவல். பேஸ்மென்ட் வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தால், ஒரு பீசோமீட்டர் (நிலத்தடி நீரை அளக்கும் கருவி) போட்டு சில மாதம் அளக்கச் சொல்வதோ, இல்லையென்றால் துணிந்து ஒரு பாதுகாப்பான மட்டத்தைப் பரிந்துரைப்பதோ அவர் வேலை. பேஸ்மென்ட் வருவதே தெரியாமல், நாலு மாடிக் கட்டடம் என்று மட்டும் சொல்லி எழுதி வாங்கியிருந்தால் கதை வேறு. அவருக்கு அனுப்பிய முதல் கடிதம் அங்கே முக்கியச் சான்று.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம்: போர்ஹோல் பதிவேட்டில் (லாக்) தேதி இருக்கிறது. கோடையில் ஒரே ஒரு தடவை அளந்த மட்டம் என்பது அதைப் படித்தவருக்குத் தெரியும். திரும்பிக் கேள்வி கேட்டாரா? பம்பை எப்போது நிறுத்தலாம் என்று டிராயிங்கில் குறிப்பு எழுதினாரா? கட்டி முடிந்த நிலையில் கட்டடம் பாதுகாப்பாகத்தான் இருக்கும். பாதிக் கட்டிய நிலைதான் ஆபத்து. முழுதாகக் கட்டிய பிறகுள்ள கணக்கை மட்டும் போட்டுவிட்டு பாதிக் கட்டிய கட்டத்தை விட்டுவிடுவது இந்த வகைத் தோல்வியில் அடிக்கடி பார்க்கும் ஓட்டை.

கான்ட்ராக்டரிடம்: குறிப்பு இருந்தும் நிறுத்தினாரா, குறிப்பே இல்லாமல் நிறுத்தினாரா? பம்ப் லாக் இதற்குப் பதில் சொல்லும். டீசல் ரசீதும் சொல்லும்.

ஆர்க்கிடெக்ட்டிடம் இதில் கேட்க ஒன்றுமில்லை, சாதாரணமாக. ஆனாலும் அவரையும் வழக்கில் சேர்ப்பார்கள். அவர் பொறுப்பில் என்ன இருந்தது என்ற பட்டியலைக் காட்டி வெளியே வர வேண்டியதுதான்.

எந்த நாள்?

முடிவு எடுத்த நாளை நிர்ணயிக்காமல் கவனத் தரத்தைப் பேசவே முடியாது. இங்கிலாந்தில் அபிஸ்டெட் நீர்வழங்கல் திட்டத்தின் வால்வு அறையில் 1984 மே 23 அன்று மீத்தேன் வெடித்து 16 பேர் இறந்தார்கள். சுரங்கக் குழாய்க்குள் கசிந்த நிலத்தடி நீரோடு மீத்தேன் வந்திருந்தது. வடிவமைத்தவர்கள் அந்த ஆபத்தை எதிர்பார்த்திருக்க வேண்டுமா என்பதுதான் எக்கர்ஸ்லி எதிர் பின்னி வழக்கு. மேல்முறையீட்டில் பெரும்பான்மை நீதிபதிகள் வடிவமைத்தவர்களைப் பொறுப்பாக்கினார்கள். ஆனால் அதில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய பிங்கம் நீதிபதியின் விளக்கம்தான் அதற்குப் பிறகு எல்லா வழக்கிலும் மேற்கோள். தொழில்வல்லுநர் தன் துறையின் புது அறிவில் சக ஊழியர்களுக்குப் பின்தங்கக் கூடாது. தன் வேலையில் உள்ள ஆபத்துகளை மற்ற திறமையான ஆட்கள் அளவுக்கு உணர வேண்டும். ஆனால் எல்லாம் தெரிந்த ஞானியாகவோ தீர்க்கதரிசியாகவோ இருக்க வேண்டியதில்லை.

நாள் ஒன்று மட்டும் இல்லை என்பதும் இதில் சிக்கல். வடிவமைப்பைத் திரும்பிப் பார்க்கும் கடமை வேலை முடியும் வரை தொடரும் என்று 1981இன் மெர்ட்டன் வழக்கிலிருந்து ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து உண்டு. கட்டிக்கொண்டிருக்கும்போது வடிவமைப்பில் குறை இருக்கலாம் என்று காட்டும் ஒன்று நடந்தால், அந்த நாளில் இன்னொரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. டிராயிங் தந்த நாளில் தவறில்லாதவர், எட்டு மாதம் கழித்து வந்த ஒரு ஈமெயிலைக் கவனிக்காததால் மாட்டுவார்.

காலவரிசை அட்டவணை ஒன்றைப் போடாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. ஐந்து நெடுவரிசை போதும்: தேதி, ஆவணம், அது யார் கைக்கு எப்போது வந்தது, அதில் என்ன இருந்தது, அதைப் பார்த்த திறமையானவர் என்ன கேட்டிருப்பார். மூன்றாவது நெடுவரிசையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மண் பரிசோதனைக் கூடத்தில் 12ஆம் தேதி தயாரான முடிவு, இன்ஜினியர் மேசைக்கு 30ஆம் தேதி வந்திருக்கலாம்; டிராயிங் 20ஆம் தேதியே போயிருக்கலாம்.

பின்னறிவு நிபுணரையும் கெடுக்கும். எப்படி உடைந்தது என்று தெரிந்த பிறகு, உடைந்த இடத்துக்கான எச்சரிக்கை எல்லாப் பக்கத்திலும் தெரியத் தொடங்கும். இதற்குக் கைகண்ட வழி இரண்டு கட்டமாகப் படிப்பது. முடிவு எடுத்த நாள் வரையிலான ஆவணங்களை மட்டும் முதலில் நிபுணரிடம் தந்து, "இதை வைத்து என்ன செய்வீர்கள், என்ன கேட்பீர்கள்" என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தேதியிட்டு மூடி வைத்த பிறகு தோல்விப் புகைப்படங்களையும் ஆய்வறிக்கையையும் காட்ட வேண்டும். வழக்குத் தொடுப்பவருக்கு இது பல நேரம் பிடிக்காது. ஆனால் குறுக்கு விசாரணையில் இதைவிடப் பெரிய கவசம் கிடையாது.

கோட் சொன்னதைச் செய்தால் போதுமா

கோட், அதாவது வடிவமைப்பு விதித்தொகுப்பு, என்பது குறைந்தபட்சம். அதை மீறினால் தவறுக்கு வலுவான சான்று. பின்பற்றினால் தற்காப்புக்கு நல்ல சான்று. இரண்டும் முடிந்த முடிவு இல்லை. இதில் எந்தப் பதிப்பு என்பதும் முக்கியம்: அச்சான நாள் வேறு, அந்த இடத்தில் சட்டப்படி அமலுக்கு வந்த நாள் வேறு, பர்மிட்டுக்கு விண்ணப்பித்த நாள் வேறு.

ஒரு உண்மையான சிக்கல். ஸ்டிரப் (குறுக்கே போடும் வளையக் கம்பி) இல்லாத கனமான கான்கிரீட் ஸ்லாப் ஒன்றின் ஷியர் தாங்குதிறன், அதாவது வெட்டு விசையைத் தாங்கும் திறன். அமெரிக்க கான்கிரீட் கோடான ஏசிஐ 318இன் 2014 பதிப்பு வரை எளிய சூத்திரம்: கான்கிரீட் வலிமையின் வர்க்கமூலத்தை 0.17ஆல் பெருக்கு. ஆழம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. 2019 பதிப்பு, குறைந்தபட்ச ஸ்டிரப் இல்லாத உறுப்புகளுக்கு ஆழத்துக்கான குறைப்புக் காரணியையும் கம்பி விகிதத்தையும் உள்ளே கொண்டுவந்தது. பயன்படும் ஆழம் 1000 மில்லிமீட்டர், கம்பி அரை சதவீதம் என்று போட்டால் அந்த 0.17 இப்போது 0.07 ஆகிறது. பாதிக்கும் கீழே.

2016இல் இப்படி ஒரு டிரான்ஸ்ஃபர் ஸ்லாப்பை (மேலே உள்ள தூண்களின் சுமையைக் கீழே வேறு இடத்தில் உள்ள தூண்களுக்கு மாற்றும் தளம்) ஸ்டிரப் இல்லாமல் பழைய சூத்திரத்தில் வடிவமைத்த இன்ஜினியர் தவறினாரா? ஒரு பக்கம்: அமலில் இருந்த கோட் அதை அனுமதித்தது, ஊரெல்லாம் அப்படித்தான் செய்தார்கள். மறுபக்கம்: ஆழம் கூடக் கூட ஷியர் வலிமை விகிதத்தில் குறைகிறது என்பது 1960களிலேயே சோதனைகளில் தெரிந்த விஷயம், ஐரோப்பிய கான்கிரீட் கோடான யூரோகோட் 2இன் 2004 பதிப்பில் ஆழக் காரணி ஏற்கெனவே இருந்தது. என் கருத்து, சாதாரண ஆழமுள்ள ஸ்லாப் வேலை செய்யும் சாதாரண இன்ஜினியர் தப்பிப்பார். ஒரு மீட்டருக்கு மேல் கனமான டிரான்ஸ்ஃபர் ஸ்லாப்பே தன் தொழில் என்று சொல்லிக்கொள்பவர், அதிலும் ஃபிடிக் வாசகத்தில் கையெழுத்துப் போட்டவர், அவ்வளவு எளிதில் தப்பிக்க மாட்டார். அவர் வட்டத்தில் உள்ள மற்றவர்கள் 2016இல் என்ன செய்தார்கள் என்பதை ஆதாரத்தோடு காட்ட வேண்டும். அந்த வருடத்து டிராயிங்குகள் ஐந்தாறு கிடைத்தால் விவாதமே முடிந்துவிடும். பாதிப் பேர் ஸ்டிரப் போட்டிருக்கிறார்கள், பாதிப் பேர் போடவில்லை என்றால்? போலம் அளவுகோலில் அது தற்காப்புக்குப் போதும், ஒரு நிபந்தனையோடு. 1997இல் தீர்ப்பான போலித்தோ வழக்கு சொன்னபடி, அந்தப் பாதிப் பேரின் பழக்கம் தர்க்கத்துக்கு நிற்க வேண்டும்.

ஊர்வழக்கம் எல்லா நேரமும் காப்பாற்றாது. 1932இல் அமெரிக்காவில் டி.ஜே.ஹூப்பர் வழக்கு: இழுவைப் படகுகளில் வானிலை கேட்க நம்பகமான ரேடியோ இல்லை, மற்ற படகுக்காரர்களும் பெரும்பாலும் வைப்பதில்லை. ஒரு தொழிலே மொத்தமாகப் பின்தங்கியிருக்கலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டுமானத்தில் இதற்கு நேர் உதாரணம் கான்சஸ் சிட்டி ஹயட் ரீஜென்சி ஹோட்டல். 1981 ஜூலை 17, தொங்கு நடைபாலங்கள் இடிந்து 114 பேர் மரணம். மேல் கூரையிலிருந்து ஒரே தண்டு இரண்டு பாலங்களையும் ஊடுருவிப் போவது முதல் வடிவமைப்பு. அதுவே நகரக் கோட் கேட்ட சுமையில் 60 சதவீதம்தான் தாங்கியிருக்கும். தயாரிப்பாளர் வசதிக்காக அதை இரண்டு தண்டாக வெட்டினார்கள். மேல்பாலத்தின் பெட்டி பீமுக்கு அடியில் உள்ள நட், கீழ்ப்பாலத்தின் எடையையும் சேர்த்துச் சுமந்தது. தாங்குதிறன் 30 சதவீதத்துக்கு இறங்கியது. மாற்றம் ஷாப் டிராயிங்கில் (தயாரிப்பாளர் வரைந்து ஒப்புதலுக்கு அனுப்பும் படம்) இருந்தது, இன்ஜினியரின் முத்திரையும் இருந்தது. ஸ்டீல் இணைப்புகளைத் தயாரிப்பாளரே வடிவமைப்பது தொழில் வழக்கம் என்ற வாதம் மிசூரியில் எடுபடவில்லை. லைசென்ஸ் பறிபோனது, 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது.

ஷாப் டிராயிங் தகராறில் ஆவண வரிசையை இப்படித் தேட வேண்டும்: முதல் டிராயிங்கில் இணைப்புக்கு விசை எழுதியிருக்கிறதா, யார் வடிவமைக்க வேண்டும் என்று குறிப்பு இருக்கிறதா, திருப்பி அனுப்பிய முத்திரையின் வாசகம் என்ன, அந்த மாற்றத்தைச் சுற்றி மேகக்கோடு (மேகம் போன்ற வளைகோடு) போட்டுக் காட்டினார்களா, அல்லது நூற்றுக்கணக்கான தாளுக்கு நடுவில் சத்தமில்லாமல் மாற்றினார்களா, பார்த்தவர் எத்தனை நாள் எடுத்துக்கொண்டார். சத்தமில்லாத மாற்றம் என்றால் இன்ஜினியர் பக்கம் கொஞ்சம் காற்று வரும். ஆனால் உயிரைத் தாங்கும் முதன்மை இணைப்பு என்றால் அந்தக் காற்றும் வராது.

சைட் பார்வையிடல் பற்றி ஒரு வார்த்தை. "வாரம் ஒருமுறை போனேன்" என்பது பதில் இல்லை. 2007இல் ஜெர்சி தீவு வீட்டு வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் சொன்னதன் சாரம்: முக்கியமான வேலை, முதல்முறையாக நடக்கும் வேலை, மூடிவிட்டால் பார்க்க முடியாத வேலை, இவற்றுக்கு ஏற்ப போகும் நாளை மாற்ற வேண்டும். வாட்டர்புரூஃபிங் வியாழக்கிழமை மூடப்பட்டது, ஆர்க்கிடெக்ட் வழக்கம்போலத் திங்கட்கிழமை வந்தார் என்றால், மாதம் நாலு தடவை வந்தும் பயனில்லை.

நிபுணர்

நீதிபதிக்கு டிராயிங் தெரியாது. அதனால் கவனத் தரத்தைச் சாட்சி சொல்ல, அதே தொழிலில் இருப்பவர் வேண்டும். சான்சம் எதிர் மெட்கால்ஃப் வழக்கில் ஒரு சர்வேயரின் தவறுக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் சாட்சியத்தை வைத்தார்கள். மேல்முறையீட்டில் தீர்ப்பு கவிழ்ந்தது. பான்டெல்லி வழக்கில் 2010இல், நிபுணர் கருத்தே இல்லாமல் குற்றச்சாட்டுப் பட்டியல் போட்டதற்கே நீதிபதி கோபித்துக்கொண்டார். அமெரிக்காவில் டெக்சாஸ், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் வழக்குப் போடும்போதே அல்லது அதை ஒட்டியே தகுந்த தொழில்காரரின் சான்றை இணைக்க வேண்டும். நிபுணரின் முறை நம்பகமானதா என்று நீதிபதி வாசலிலேயே சோதிக்கும் டாபர்ட் விதி, 1999இன் கும்ஹோ டயர் தீர்ப்புக்குப் பிறகு இன்ஜினியர்களுக்கும் பொருந்தும். பீம் நீளத்தைத் தப்பாகக் கூட்டியது போல யார் பார்த்தாலும் தெரியும் தவறுக்கு மட்டும் நிபுணர் தேவைப்படாமல் போகலாம்.

அந்த வருடங்களில் அதே வகை வேலையைக் கையால் செய்தவரைத்தான் தேட வேண்டும். பெரிய பேராசிரியர் ஷியர் கோட்பாட்டில் புலியாக இருக்கலாம். ஒரு அலுவலகத்தில் மூன்று வாரக் கெடுவில், பாதி முடிந்த ஆர்க்கிடெக்ட் டிராயிங்கை வைத்து என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியாது. எதிர் வக்கீல் முதல் கேள்வியிலேயே அதைப் பிடிப்பார்.

அறிக்கையில் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் நாலு விஷயம் எழுதினால் போதும். இந்தத் தேதியில், இந்தப் பொறுப்பில் இருந்தவர் முன்னால் இருந்த தகவல் இது. திறமையான ஒருவர் செய்திருக்கக்கூடிய வழிகள் இவை. வழிகள் என்று பன்மையில், ஏனென்றால் ஒன்றுக்கு மேல் இருந்தே தீரும். இவர் செய்தது அந்த எல்லைக்குள்ளா, வெளியிலா. அதற்கு ஆதாரம் இது: கோட், தொழில்கழகக் கையேடு, அந்தக் காலத்து ஒப்பான டிராயிங்குகள். "நானாக இருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டேன்" என்ற வாக்கியம் எங்கே வந்தாலும் அடித்துவிட வேண்டும். ஒருவருடைய தனிப்பட்ட பழக்கம் தொழிலின் தரம் ஆகாது. "சிறந்த நடைமுறை" என்ற சொல்லும் ஆபத்து. சிறந்ததைக் கேட்கவில்லை, சாதாரணத் திறமையைத்தான் கேட்கிறார்கள். எதிர்த்தரப்பில் கேட்கும் கேள்வியும் தெரிந்ததே: "உங்கள் அலுவலகத்தின் அந்த வருட டிராயிங் மூன்றைக் கொண்டுவாருங்கள், இந்தக் குறிப்பு இருக்கிறதா பார்க்கலாம்."

தவறினார் என்றே வைத்துக்கொள்வோம்

அதோடு முடியாது. அந்தத் தவறுதான் சேதத்தை உண்டாக்கியதா? ராஃப்ட் டிராயிங்கில் பம்ப் குறிப்பு இல்லை என்பது நிரூபணமானாலும், குறிப்பு இருந்திருந்தால் கான்ட்ராக்டர் கேட்டிருப்பாரா என்று எதிர்த்தரப்பு கேட்கும். மற்ற குறிப்புகளை அவர் எப்படி மதித்தார் என்பதைப் பார்க்க வேண்டும். புரோப் (தளத்தைத் தற்காலிகமாகத் தாங்கும் முட்டு) எடுக்கும் நாளைப் பற்றிய குறிப்பை மூன்று தளத்திலும் மீறியிருந்தால், பம்ப் குறிப்பு மட்டும் தப்பியிருக்கும் என்று சொல்வது கஷ்டம்.

பணக் கணக்கில் விடுபட்டதையும் பிழையாகப் போட்டதையும் பிரிக்க வேண்டும். டிராயிங்கில் வாட்டர்புரூஃபிங் விடுபட்டது. முதலிலேயே இருந்திருந்தால் உரிமையாளர் 100 அலகு கட்டியிருப்பார். பிறகு சேர்த்ததில் 135 ஆனது. நஷ்டம் 35தான், 100 எப்படியும் அவர் தர வேண்டியது. தப்பான பொருளைப் போட்டுப் பிடுங்கி மாற்றியது என்றால் பிடுங்கிய செலவு, வீணான பொருள், தாமதம் எல்லாம் கணக்கில் வரும். சேஞ்ச் ஆர்டர் (ஒப்பந்த வேலையில் பிறகு செய்யும் மாற்றத்துக்கான உத்தரவு) மொத்தத்தையும் கூட்டி, வேலை மதிப்பில் இத்தனை சதவீதம் தாண்டிவிட்டது, ஆகவே கவனக்குறைவு என்று எழுதும் அறிக்கைகள் நிறைய வருகின்றன. அது கணக்கே இல்லை. ஒவ்வொரு ஆர்டரையும் எடுத்து, உரிமையாளர் மனம் மாறியது, மண்ணில் எதிர்பாராதது, விடுபட்டது, பிழை என்று பிரித்து, கடைசி இரண்டிலும் திறமையானவரின் டிராயிங்கிலும் இருந்திருக்கக்கூடிய சில்லறைகளைத் தள்ளிவிட வேண்டும். விளக்கம் கேட்டு கான்ட்ராக்டர் அனுப்பும் ஆர்எஃப்ஐ எண்ணிக்கையும் அப்படித்தான். ஸ்பெசிபிகேஷனைப் படிக்காமல் கேள்வி அனுப்பும் கான்ட்ராக்டரும் உண்டு, தாமதத்துக்குக் காரணம் தேடி அனுப்புபவரும் உண்டு.

இரண்டு தரப்பு நிபுணர்களும் விசாரணைக்கு முன் உட்கார்ந்து கூட்டறிக்கை தயாரிக்கும்போது இந்தப் பட்டியல்தான் மேசையில் இருக்க வேண்டும். தேதி அட்டவணை, பொறுப்புப் பட்டியல், பிரித்த சேஞ்ச் ஆர்டர்கள். இதில் ஒத்துப்போனவற்றைக் கையெழுத்திட்டு வைத்தால், விசாரணையில் மிச்சம் இருப்பது ஒன்றிரண்டு கேள்விகள்தான்: கோடையில் எடுத்த ஒற்றை அளவை 2 மீட்டர் ஏற்றிப் பார்க்கும் பழக்கம் அந்த வருடத்தில் எத்தனை அலுவலகங்களில் இருந்தது, இவரிடம் ஏன் இல்லை என்பது போல.